குழாய் ஜோசியம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நம் ஊர் வாலிபர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். இன்னும் தூங்குகிறவர்கள், எழுந்து பைக் துடைக்கிறவர்கள்.

இரண்டாவது வகையினர் துடைக்கிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு பழைய பனியன், ஒரு பக்கெட் தண்ணீர், ஒரு ஷாம்பு பாக்கெட். முதலில் பெட்ரோல் டாங்க். முகம் தெரிகிற வரை தேய்ப்பார்கள். தெரிந்ததும் சீப்பை எடுத்து ஒரு தரம் தலை வாரிக்கொள்வார்கள். அடுத்து கண்ணாடி, ஹெட்லைட், ஸீட், நம்பர் பிளேட். சக்கரத்துக்குள் விரலை விட்டுத் துடைக்கிற வேலை மட்டும், ஐஸ்க்ரீம் வாங்கித் தருவதாகச் சொல்லித் தம்பியிடம் ஒப்படைக்கப்படும்.

இவ்வளவு அபிஷேகத்திலும் ஒரு சொட்டுத் தீர்த்தம்கூடக் கிடைக்காத பாகம் ஒன்று உண்டு. இன்ஜினின் முகத்திலிருந்து புறப்பட்டு, யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து கீழே இறங்கி, பின்னால் ஸைலன்ஸரோடு போய்ச் சேருகிற குழாய். புத்தகத்தில் இதற்கு 'எக்ஸாஸ்ட் ஹெடர்' என்று பெயர். மெக்கானிக்கிடம் கேட்டால் 'பெண்டு பைப்பு'. நாமும் பெண்டு பைப் என்றே வைத்துக்கொள்வோம். கடையில் போய் 'ஹெடர்' என்று கேட்டால், உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விலையையும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லும் அபாயம் இருக்கிறது.

இந்த வாரம் பெண்டு பைப் புராணம்தான். சிரிக்காதீர்கள். கைரேகைக்காரர், கிளி ஜோசியர் எல்லோரையும்விட இந்தக் குழாய் உங்கள் பைக்கின் எதிர்காலத்தைத் தெளிவாகச் சொல்லும். தட்சணையும் கேட்காது.

* * *

முதலில் கொஞ்சம் சரீர சாஸ்திரம்.

இட்லி வேக 100 டிகிரி போதும். வண்டி நன்றாக இழுத்து ஓடும்போது இந்தக் குழாய்க்குள் பாய்கிற புகை 600, 700 டிகிரி ஸென்டிகிரேடு வரை போகும். உள்ளே எரிமலை, வெளியே மழை, சேறு, தார் ரோட்டின் எண்ணெய், மாட்டுச் சாணி. இதற்கு நடுவில் காலம் தள்ளுகிற உலோகத்துக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கணவனுக்குக்கூட இவ்வளவு உஷ்ணம் கிடையாது.

பளபளவென்று இருக்கிற பைப்பைப் பார்த்து அது முழுக்க குரோமியம் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே இருப்பது சாதாரண இரும்புக் குழாய். அதன் மேல் நிக்கல் பூச்சு. அதற்கும் மேல்தான் குரோம். அந்த குரோம் படலம் பெரும்பாலும் அரை மைக்ரானுக்குள்தான் இருக்கும். உங்கள் தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு! (முடி இருப்பவர்கள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.)

சிலர் கேட்பார்கள், குரோம்பேட்டைக்கும் இந்தக் குரோமுக்கும் சம்பந்தம் உண்டா என்று. உண்டு. அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தது அங்கே இருந்த குரோம் லெதர் தொழிற்சாலை. தோல் பதனிட குரோமிய உப்பைப் பயன்படுத்துவார்கள். தோலானாலும் சரி, இரும்பானாலும் சரி, கெட்டுப்போகாமல் காப்பாற்றுவது ஒரே உலோகம்தான். ஆனால் அரை மைக்ரான் காவல்காரரை நாம் எப்படி நடத்துகிறோம்? அம்மா பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்து, கிரைண்டர் மாதிரி அரைக்கிறோம். நாலு ஞாயிற்றுக்கிழமையில் காவல்காரர் காலி. அப்புறம் லேசாக மஞ்சள் அடித்து நிக்கல் எட்டிப் பார்க்கும். அதற்கப்புறம் வருகிறவருக்குப் பெயர் துரு.

* * *

இப்போது ஜோசியத்துக்கு வருவோம்.

புது பைக் வாங்கிக் கொஞ்ச நாளில், இன்ஜினுக்குப் பக்கத்தில் பைப் லேசாக மஞ்சள் அடிக்கும். அப்புறம் ஊதா. அப்புறம் நீலம். உடனே ஷோரூமுக்குப் போன் போட்டு, "என்ன ஸார், சாயம் போகுது?" என்று சண்டை பிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

அது சாயமே இல்லை. சூட்டில் உலோகத்தின் மேல் ஆக்ஸைடு என்று ஒரு மெல்லிய படலம் உண்டாகிறது. அதன் மேல்பக்கம் பட்டுத் திரும்புகிற வெளிச்சமும், கீழ்ப்பக்கம் வரை போய்த் திரும்புகிற வெளிச்சமும் ஒன்றோடு ஒன்று மோதி, சில நிறங்கள் அழிந்து சில நிறங்கள் மிஞ்சுகின்றன. மழை பெய்த ரோட்டில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுகிறதே, அதே விஷயம்தான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். சூடு ஏற ஏறப் படலம் தடிக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்து சூட்டைச் சொல்லலாம்.

இதைக் கண்டுபிடிக்க எந்த லேபரட்டரியும் தேவைப்படவில்லை. கொல்லுப் பட்டறையில் உளிக்குப் பதம் பார்க்கிறவர் தலைமுறை தலைமுறையாக இந்த ஜோசியம்தான் பார்க்கிறார். சாதாரண எஃகு வைக்கோல் நிறத்துக்கு வந்தால் சுமார் 230 டிகிரி. நீலத்துக்கு வந்தால் சுமார் 300. குரோமிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் இதே நிறங்கள் இன்னும் அதிகச் சூட்டில் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்ஜினை ஒட்டின நாலைந்து அங்குலம் நிறம் மாறினால் கவலைப்பட வேண்டாம். அது வயசுக்கு வந்த அடையாளம். ஆனால் பல மாதம் வெள்ளையாக இருந்த பைப், திடீரென்று ஒரே வாரத்தில் வளைவு தாண்டி நீலமாகிறதென்றால், உள்ளே ஜுரம் அடிக்கிறது. பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது. அல்லது ஸ்பார்க் வரவேண்டிய நேரத்துக்குத் தாமதமாக வந்து, இன்ஜினுக்குள் முடியவேண்டிய நெருப்பு குழாய்க்குள் வந்து முடிகிறது. கார்புரேட்டரை இன்ஜினோடு சேர்க்கிற ரப்பரில் ஒரு விரிசல் போதும். மெயின் ஜெட்டில் ஒரு தூசி போதும்.

அல்லது, நம் ஊருக்கே உரிய வியாதி ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் மைலேஜ்.

* * *

எனக்குத் தெரிந்த ஒரு நண்பர். உத்தியோகம், வீட்டுக் கடன், ஒரு குழந்தை, அப்பா வைத்துவிட்டுப் போன பழைய டூ ஸ்ட்ரோக் பைக். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றுகிற ரகம். அந்த பைக்கை அவர் விற்காததற்குக் காரணம் பணம் மட்டும் அல்ல என்பது அவர் அதைத் துடைக்கிற விதத்திலேயே தெரியும்.

2019-ல் ஒரு நாள் ஒரு மெக்கானிக், "லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் ஏத்தித் தரேன் ஸார்" என்றார். கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே மாட்டி, ஊசியைக் கீழே இறக்கினார். பெட்ரோல் போகும் வழி குறுகியது. சொன்னபடியே 38 கொடுத்த வண்டி 44 கொடுத்தது. நண்பருக்கு சந்தோஷம் தாங்கவில்லை. காண்டீனில் எல்லோரிடமும் சொன்னார்.

இரண்டே வாரத்தில் பைப் நீலமாகிவிட்டது. நண்பர் கடைக்குப் போய் ஒரு டப்பா குரோம் பாலிஷ் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை தேய்த்தார். வெள்ளையாயிற்று. புதன்கிழமை மறுபடி நீலம். அடுத்த ஞாயிறு மறுபடி பாலிஷ். இப்படி மூன்று மாதம்.

நாலாவது மாதம் மனைவியோடு வண்டலூர் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், பிஸ்டன் சூட்டில் பெருத்து ஸிலிண்டரைக் கவ்விக்கொண்டது. பெட்ரோல் குறைந்தால் அதோடு வருகிற ஆயிலும் குறையும் அல்லவா? இன்ஜின் நின்றால் பரவாயில்லை. டூ ஸ்ட்ரோக்கில் இப்படி ஸீஸ் ஆனால் பின் சக்கரமும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். இரண்டு பேரும் ரோட்டில். பின்னால் வந்த லாரி டிரைவர் புண்ணியவான், மிதித்து நிறுத்திவிட்டார். அந்த அம்மாளுக்கு மணிக்கட்டில் ஆறு வாரம் மாவுக்கட்டு.

வண்டியைப் பிரித்துப் பார்த்தவர் வேறொரு மெக்கானிக். வயசானவர். பைப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எத்தினி நாளா ஸார் இப்டி நீலம் அட்ச்சினு இருந்திச்சு?"

"மூணு மாசமா. பாலிஷ் போட்டா போயிடும்."

"பைப்பு மூணு மாசமா கத்திக்கினு இருந்துருக்கு ஸார். நீங்க அதும் வாயைத் தொடச்சி வுட்டுனு இருந்துருக்கீங்க."

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மாதம் 600 கிலோமீட்டர். 38 கொடுத்தால் 15.8 லிட்டர்; 44 கொடுத்தால் 13.6 லிட்டர். மிச்சம் 2.2 லிட்டருக்குள். அன்றைய விலை லிட்டர் 75 ரூபாய் என்று வைத்தால் மாதம் சுமார் 160. மூன்று மாதத்துக்கு வரவு 480 ரூபாய். செலவுப் பக்கம்: ஸிலிண்டர் போர் போட்டது, புது பிஸ்டன், ரிங், எக்ஸ்ரே, மாவுக்கட்டு, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ. அப்புறம், இன்றுவரை அந்த அம்மாள் அந்த வண்டியின் பின் ஸீட்டில் ஏறுவதில்லை. அதை எந்தக் காலத்தில் எழுதுவது என்று எந்த அக்கவுண்டன்ஸி வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

* * *

பைப்பின் முன்பக்கம் நிறம் பேசினால், பின்பக்கம் கரி பேசும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸைலன்ஸர் வாயில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். பவுடர் மாதிரி உலர்ந்த கறுப்பு நிறையக் கொட்டினால் பெட்ரோல் அதிகமாகக் குடிக்கிறது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் பிசுபிசுவென்று எண்ணெய் ஒட்டினால், ரிங்கோ வால்வு ஸீலோ தேய்ந்து ஆயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நிமிஷம் வெள்ளைப் புகை வந்தால் பயப்பட வேண்டாம், வெறும் ஆவி. ஆக்ஸிலேட்டரை விட்டதும் 'டப் டப்' என்று பட்டாசு வெடித்தால், பெண்டு பைப் இன்ஜினோடு சேருகிற இடத்தில் கேஸ்கெட் போய்க் காற்று உள்ளே நுழைகிறது என்று சந்தேகப்படலாம். சிலர் அந்தச் சத்தத்தைக் கேட்டு, "மச்சி, ரேஸ் பைக் மாதிரி இருக்குடா" என்று சந்தோஷப்படுகிறார்கள். இருமலைக் கேட்டு சங்கீதம் என்கிற மாதிரி.

"என்னுது புது வண்டி ஸார், கார்புரேட்டரே கிடையாது" என்பவர்களுக்கும் சேதி இருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தது. அதற்கப்புறம் வந்த பைக்குகளில் பெரும்பாலும் பெண்டு பைப்பில் ஒரு சின்ன மூக்கு நீட்டிக்கொண்டு, அதிலிருந்து ஒரு ஒயர் போகும். அதுதான் ஆக்ஸிஜன் சென்சார். புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று மோந்து பார்த்து, கம்ப்யூட்டரிடம் சொல்லி, பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. கொல்லரும் கிழட்டு மெக்கானிக்கும் கண்ணால் பார்த்த குழாய் ஜோசியத்தை, இப்போது ஒரு எலெக்ட்ரானிக் மூக்கு பார்க்கிறது. அந்த மூக்குக்கு முன்னால் கேஸ்கெட் கசிந்து வெளிக்காற்று புகுந்தால், 'பெட்ரோல் போதவில்லை' என்று அது தப்பாகச் சொல்லும். கம்ப்யூட்டர் வாரி வழங்கும். உங்கள் மைலேஜ் இறங்கும். ஆகவே அந்த ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். மூக்கின் மேல் ஸிலிகான் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். துணியால் துடைத்தால் போதும்.

* * *

சரி, துடைப்பது எப்படி?

முதல் விதி: பைப் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டில் தண்ணீர் ஊற்றினால் 'சொய்ங்' என்று தாளிக்கிற சத்தம் வரும். நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் தண்ணீரில் உள்ள உப்பு அப்படியே வெள்ளைத் திட்டாக வெந்து உட்கார்ந்துவிடும்.

ஆறினதும் ஷாம்பு தண்ணீர், மெத்துத் துணி. வளைவுக்குப் பின்னால், வெல்டிங் இடுக்கில், பழைய டூத்பிரஷ். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், ஆறின பைப்பில் துளி மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, உலரத் துடைக்கவும். அதன் பிறகு குரோம் பாலிஷ். மாதம் ஒரு தரம் போதும். தினமும் போட்டால் அரை மைக்ரான் என்ன ஆகும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால் ஒரு வித்தை. பிரியாணிப் பொட்டலம் சுற்றுகிற அலுமினியத் தாளைச் சின்ன உருண்டையாகச் சுருட்டி, தண்ணீரில் நனைத்து, லேசாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மெத்து, ஆகவே கீறாது. துரு கறுப்பாகக் கரைந்து வரும். (தாளை பிரியாணி சாப்பிடுவதற்கு முன் எடுத்தால் வீட்டில் பேச்சு வாங்க நேரிடும்.) துரு குழி பறித்திருந்தால் குழி குழிதான், எந்த பாலிஷும் அதை நிரப்பாது.

செய்யக்கூடாதவை. புளி வேண்டாம். "குத்துவிளக்கு பளிச்சுன்னு ஆகுதே" என்று அம்மா சொல்வாள். பித்தளைக்குப் புளி சரி. இங்கே இடுக்கில் தங்குகிற புளிப்பு அடியில் உள்ள இரும்பைத்தான் தின்னும். விபூதி சுவாமிக்கு. பாத்ரூம் கழுவுகிற ஆஸிட் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் ஆஸிட் என்றால் குரோமையே கரைத்துக் குடித்துவிடும். கறுப்பு பெயிண்ட் அடித்த பைப்புக்கு பாலிஷ் போடாதீர்கள். துருவைச் சுரண்டிவிட்டு, சூடு தாங்குகிற பெயிண்டை மெலிசாக இரண்டு கோட் அடிப்பதுதான் அதற்கு மருந்து.

இன்னொன்று, நம் ஊரில் மழைக்கோட்டும் கேரி பேக்கும் பைப்பில் ஒட்டி உருகாத பைக் கிடையாது. பிளேடால் சுரண்டுவார்கள். பிளாஸ்டிக்கோடு குரோமும் வரும். அதற்கு, இன்ஜினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துங்கள். பிளாஸ்டிக் இளகும். கையை எட்ட வைத்து, ஐஸ்க்ரீம் குச்சி மாதிரி ஒரு மரத்துண்டால் தள்ளினால் தோல் மாதிரி உரிந்து வரும். மிச்சத்துக்கு, ஆறின பிறகு பாலிஷ். இதையெல்லாம் திறந்த வெளியில் செய்ய வேண்டும். ஷட்டர் மூடின ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, இரக்கமும் கிடையாது.

எல்லாம் முடிந்ததும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், உலர்ந்த சுத்தமான துணியால் ஒரு தரம் முழுக்கத் துடையுங்கள். உங்கள் விரல் ரேகையில் உள்ள எண்ணெய் சூட்டில் வெந்து, பைப்பில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். அப்புறம் வண்டியை விற்ற பிறகும் உங்கள் கைரேகை அதில் இருக்கும்.

* * *

வெளியே துடைத்தாகிவிட்டது. உள்ளே?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்புங்கள். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன், காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. வண்டி நன்றாகச் சூடேறி ஓடினால் அது ஆவியாக வெளியே போய்விடும். வீட்டிலிருந்து டீக்கடை, டீக்கடையிலிருந்து வீடு என்று ஓட்டினால், பைப்பும் ஸைலன்ஸரும் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். தண்ணீர் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து துரு ஏறும். வெளியே பளபள, உள்ளே சல்லடை. சில அரசியல் கட்சிகள் மாதிரி.

"வாரம் ஒரு தரம் ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன் ஸார்" என்று பெருமைப்படுபவர்கள், வாரம் ஒரு தரம் உள்ளே தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார்கள். பதினைந்து இருபது நிமிஷம் ஓட்டுங்கள். ஸைலன்ஸர் அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருந்தால், அது தண்ணீர் வடிவதற்காகத்தான். அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். எம்-ஸீல் வைத்து அடைத்த மேதாவிகளைப் பார்த்திருக்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஸீட் வரை மூழ்கின பைக்குகள் எத்தனையோ. தண்ணீர் இந்தக் குழாய் வழியாகவும் பின்னாலிருந்து இன்ஜினுக்குள் போகும். வடிந்ததும் ஆசையாக ஸெல்ஃப் பட்டனை அமுக்கினால், பிஸ்டன் தண்ணீரை நசுக்கப் பார்க்கும். தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றவேண்டும், பைப்பையும் ஸைலன்ஸரையும் வடிக்கவேண்டும், ஆயிலை மாற்றவேண்டும். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

பைப்பைக் கழற்றும்போது, துருப்பிடித்த நட்டில் முந்தின ராத்திரியே எண்ணெய் ஊற வையுங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் உடைந்து இன்ஜின் தலைக்குள் உட்கார்ந்துகொள்ளும். திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட். விலை சொற்பம். இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஸைலன்ஸர் போல்டைக் கடைசியில் முடுக்கவும். பழைய வண்டியின் கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

* * *

கடைசியாக, பராமரிப்புப் புத்தகங்களில் ஓரமாகப் போட்டிருக்கும் ஒரு விஷயத்தை நான் நடுவில் வைக்க விரும்புகிறேன். பைப்பின் மேல் இரண்டு ஸ்க்ரூவில் மாட்டியிருக்கிற தகட்டு மூடி. ஹீட் ஷீல்டு. அது ஆடுகிறது, சத்தம் போடுகிறது என்று கழற்றிப் பரணில் போட்டுவிடுகிறோம்.

என் அக்கா பெண்ணுக்கு நாலு வயசு. ஒரு கல்யாண மண்டப வாசலில், யாரோ அப்போதுதான் நிறுத்திவிட்டுப் போன பைக். ஷீல்டு இல்லை. பலூனைத் துரத்தி ஓடி வந்தது குழந்தை. பைப் கெண்டைக்காலில் பட்டது. அந்த அலறல் நாதஸ்வரத்தைத் தாண்டிக் கேட்டது. ஒரு பாட்டி காப்பிப் பொடி என்றார். ஒருவர் டூத்பேஸ்ட் என்றார். ஒருவர் ஐஸ் கொண்டுவர ஓடினார். நல்ல வேளை, சமையல்காரர் ஒருவர் — தீயோடு பழகினவர் — ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து காலைக் காட்டினார். இருபது நிமிஷம், முழுசாக. அழ அழப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சுத்தமான துணியைச் சுற்றி டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் சொன்னதும் அதேதான்: ஓடுகிற குளிர்ந்த தண்ணீர், இருபது நிமிஷம். பேஸ்ட் கூடாது, பொடி கூடாது, ஐஸும் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

இன்று தழும்பு மங்கிவிட்டது. ஆனால் பைக் நிற்கிற பக்கம் அந்தக் குழந்தை நடக்காது. அம்மாவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறிக்கொள்ளும்.

ஒரு ஷீல்டு, இரண்டு ஸ்க்ரூ. வண்டியை நிறுத்தும்போது பைப் இருக்கிற பக்கத்தைச் சுவர் பக்கமாக வைத்தால் அது இலவசம்.

ஆகவே துடைக்கிறபோது துணிக்கு முன்னால் கண் போகட்டும். நிறம் மாறியிருக்கிறதா, கரி எப்படி இருக்கிறது, கேஸ்கெட் பக்கம் புகை கசிந்த கறுப்புத் தடம் இருக்கிறதா, ஷீல்டு ஸ்க்ரூ இரண்டும் இருக்கிறதா. ஐந்து நிமிஷ வேலை. பளபளப்பு அதற்குக் கிடைக்கிற போனஸ்.

நாளைக்கு ஆபீஸில் யாராவது, "உங்க வண்டி லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது ஸார்?" என்று கேட்பார். கட்டாயம் கேட்பார். பதில் சொல்லிவிட்டு, அவரிடம் திருப்பிக் கேளுங்கள்: "உங்க வண்டி பைப் என்ன கலர் ஸார்?"